நவம்பரில் வீடு மாறுகிறவர்கள்

மொன்றியல்,
அக்டோபர் 9

அன்புள்ள ஃபெர்னானுக்கு,

ஜினெட் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உன் கால் எத்தனை அடி நடக்கிறது என்று ஞாயிறுதோறும் உன் தங்கை யுகெட் எனக்குச் சொல்லிவிடுகிறாள். போன வாரம் ஜன்னலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பினாயாம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அடுப்பில் பட்டாணி சூப் இருந்ததையே மறந்துவிட்டேன். அடிப்பிடித்த சூப்பை மூன்று நாள் நான் ஒருத்தியே சாப்பிட்டேன், எல்லாம் உன்னால்.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அவள் ரிசீவரை உன் காதில் வைக்கும்போது எனக்கு உன் மூச்சு கேட்கிறது. ஏதோ சொல்லப் பார்க்கிறாய், வராமல் கோபப்படுகிறாய், பிறகு எனக்கும் பேச்சு வருவதில்லை. நாற்பத்தொரு வருஷம் உன்னோடு சண்டை போட்டுப் பழகிய எனக்கு அது தாங்கவில்லை. உனக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான் வழி சொன்னாள். "கடுதாசி எழுதுங்க, மதாம். திரும்பத் திரும்பப் படிச்சுக் காட்டலாம். அவர் மூளைக்கு நல்லது" என்றாள். அதனால் எழுதுகிறேன், யுகெட் படிக்கிறாள், நீ தப்பித்து ஓட முடியாது.

கசப்பை முதலில் விழுங்கிவிடுவோம். உங்கள் மறுவாழ்வு இல்லத்து அதிகாரி அம்மாள் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். நவம்பர் கடைசியில் நீ அங்கிருந்து கிளம்பலாமாம். அதைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கேள்வி, வீட்டுக்குள் போக எத்தனை படி என்பது. பத்தொன்பது என்றேன். உள்ளேயா வெளியேயா என்றாள். வெளியே, இரும்புப் படி, நடுவில் ஒரு வளைவு, டிசம்பரிலிருந்து பனிக்கட்டி என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "அந்தப் படியில அவரை ஏத்திவிட நாங்க கையெழுத்துப் போட மாட்டோம், மதாம். தரைத்தளமா இருந்தா சரி. இல்லைன்னா முதியோர் விடுதி, இல்லைன்னா வசந்தம் வரைக்கும் உங்க நாத்தனார் வீடு" என்றாள்.

தரைத்தளம் நம்முடையதுதான். ஆனால் அதில் ரெஷான் இருக்கிறான். அவன் அம்மா குடியிருந்தபோதே அவளோடு சேர்த்துத்தான் இந்த மூன்று மாடிக் கட்டடத்தை வாங்கினோம். அம்மா போனதும் மகன் இருந்துகொண்டான். அவன் ஒப்பந்தம் ஜூன் கடைசி வரை இருக்கிறது, சட்டம் அவன் பக்கம், நாம் அவனோடு பேசி ஒன்பது வருஷம். ஆகவே அந்தக் கதவைத் தட்டுவதைப் பற்றி நான் இப்போது யோசிக்கவில்லை. நீயும் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வதைச் சொல்கிறேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் மீன்பிடிக்கப் போகிறேன் என்று யுகெட் இருக்கிற ரிமுஸ்கிக்குக் கிளம்பியவன் நீ. அங்கே படகில் ஏறுமுன் பக்கவாதம் வந்து கை விழுந்துபோகும் என்று யார் கண்டது? நீ எனக்கு எதையும் சொல்லி வைக்கவில்லை. முப்பது இலையுதிர்காலம் இந்த வீட்டை நீ ஒருத்தனே மூடினாய், எல்லாம் உன் தலைக்குள் இருந்தது. கூப்பிட்டு வேலை வாங்க நமக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. அதனால் நானே இறங்கினேன். ஜன்னல் ஏ.சி.யைக் கழற்றிவிட்டேன். பால்கனித் தொட்டிகளை உள்ளே கொண்டுவந்தேன். எல்லா ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி முரசுத் தோல் மாதிரி இழுத்துவிட்டேன். உன் அளவுக்கு நேர்த்தியில்லை, சமையலறை ஜன்னலில் ஒரு சுருக்கம் இருக்கிறது. படியின் எல்லாத் திருகாணிகளையும் முடுக்கினேன். மொட்டைமாடி வடிகாலில் அடைந்திருந்த மேப்பிள் இலைகளையும் எடுத்தாயிற்று. எப்படி எடுத்தாய் என்று கேட்காதே.

நம் வீட்டுக்கு மேலே, மூன்றாம் மாடிக்கு, பிரான்ஸின் மார்சேய் நகரத்திலிருந்து ஃபப்ரிஸ் என்று ஒரு பையன் வந்திருக்கிறான், நீ பார்த்ததில்லை, முப்பது வயது, கணினி வேலை. சூடேற்றியை முழுதாகத் திருகிவிட்டு, மீன் பொரிக்கிற வாடைக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறான். "குளிர்காலம் எப்ப ஆரம்பிக்கும், மதாம்?" என்று என்னிடம் கேட்டான். நீ உள்ளாடை மேல் இன்னொரு உள்ளாடை போடுகிற அன்றைக்கு என்று சொன்னேன். சிரித்தான். பாவம், வேடிக்கை என்று நினைத்துவிட்டான்.

இப்போது தண்ணீர் விஷயம். பின் சந்துக் கதவு வழியாக நிலவறைக்குள் போனேன். வெளிக்குழாய்க்குப் போகிற தண்ணீரை மூடாவிட்டால் முதல் உறைபனிக்கே குழாய் வெடிக்கும் என்று நீ வருஷம் தவறாமல் புலம்புவாய், அது ஞாபகம் இருந்தது. உள்ளே பார்த்தால் பதினோரு வால்வுகள், ஃபெர்னான், ஒன்றிலும் பெயர் இல்லை. ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் என் பழைய காலுறை, ஒன்றில் பாட்டில் மூடி. உன் காதலிகளுக்கு நீ வைத்த அடையாளங்களைக்கூட நான் சுலபமாகக் கண்டுபிடித்திருப்பேன். சிவப்பு என்றால் நிறுத்து என்று அர்த்தம் செய்துகொண்டு, சிவப்புத் துணியைத் திருகினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிய கதைதான்.

பத்து நிமிஷத்தில் நிலவறைக் கதவு இடிபட்டது. ரெஷான், இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சோப்பு நுரை. பேருந்து ஓட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தவன் மேல் திடீரென்று பச்சைத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. நம் ஆட்களுக்குக் கோபம் வந்தால் கோயில் பலிபீடத்துப் பாத்திரங்களின் பெயரையெல்லாம் வசவாக ஒவ்வொன்றாக இறக்குவார்களே, அத்தனையும் இறக்கினான், திருப்பலித் தட்டு வரைக்கும். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நீதான் இருப்பாய் என்று நினைத்து வந்திருக்கிறான். "நீங்களா, மதாம் ஜினெட்? அவர் எங்க?" என்றான். ஆகஸ்டிலிருந்து நடந்ததைச் சொன்னேன். அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். சோப்பு கண்ணில் இறங்கியும் துடைக்காமல் நின்றான். பிறகு சிவப்புத் துணியைத் திரும்பத் திறந்துவிட்டுப் போய்விட்டான்.

இத்துடன் பதினோரு வால்வுகளையும் படம் வரைந்து எண் போட்டு வைத்திருக்கிறேன். யுகெட், நீ ஒவ்வொன்றாக விரலை வை. வெளிக்குழாய் எது என்று வருகிறபோது அவன் தலையாட்டட்டும், நீ அதில் பெருக்கல் குறி போட்டு அனுப்பு. தலையாட்டாமல் சிரித்தால், அவன் என் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று அர்த்தம், அதற்கும் ஒரு குறி போடு.

கொடுத்த பயிற்சியைச் செய். சாப்பாட்டைக் குறை சொல்லாதே, சொல்ல வராது என்றாலும் முகத்தைச் சுளிக்காதே.

உன் மனைவி, பதினோரு வால்வுகளுக்கு நடுவே,
ஜினெட்


மொன்றியல்,
அக்டோபர் 30

அன்புள்ள ஃபெர்னானுக்கு,

படம் வந்து சேர்ந்தது. ஏழாம் எண்ணில் பெருக்கல் குறி, பாய்லருக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள். அதன் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு. அது நீயே இடது கையால் போட்டது என்று யுகெட் எழுதியிருக்கிறாள். அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஏழாம் எண்ணை மூடிவிட்டு, வெளியே போய் சந்துக் குழாயையும் இறுக்கித் திருகி மூடிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு வந்தேன். அன்று மாலை மறுபடி கதவு தட்டினார்கள். ரெஷான்தான், இந்தத் தடவை உடுப்போடு. "மதாம் ஜினெட், வெளிக்குழாயை ஏன் மூடினீங்க? உள்ள மூடணும், வெளிய திறந்து விடணும். நடுவுல நிக்கிற தண்ணி எங்க போகும்? அது உறைஞ்சு செவுத்தைப் பிளந்துடும். அந்த செவுரு என் படுக்கையறை செவுரு" என்றான். சொன்னதோடு போகவில்லை, தானே போய்த் திறந்து, மிச்சத் தண்ணீர் சொட்டி முடிகிறவரை மழைத்தூறலில் நின்றான். உனக்குப் பதிலாக அவனிடம் பாடம் கேட்க வேண்டியதாயிற்று, ஆனால் கேட்டேன்.

வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களில் காற்றெடுக்கும் வேலைக்கும் அவனே வந்தான். நான் கூப்பிடவில்லை, அவன் கையில் சின்னச் சாவி இருந்தது, அவன் அம்மாவுடையதாம். கீழிருந்து ஆரம்பித்து மேலே போனோம். நான் கிண்ணத்தைப் பிடித்தேன், அவன் திருகினான். ஃபப்ரிஸ் வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. ரெஷான் அதைச் சாத்திவிட்டு அவனிடம், "தம்பி, நீ இந்தத் தெருவையே சூடு பண்ணப் பாக்குற. தெரு ரொம்பப் பெருசு" என்றான். பையன் நிஜமாகவே மன்னிப்புக் கேட்டான்.

திரும்பி இறங்கும்போது கடைசியாக நம் வீடு. வேலை முடிந்ததும் காபி கொடுத்தேன், நான் சுட்ட ஆப்பிள் பலகாரமும் வைத்தேன். நம் சமையலறையில் அவன் உட்கார்ந்து ஒன்பது வருஷமாகிறது, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தான். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டான். நான் சாமர்த்தியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது படிகளைப் பற்றியும் முதியோர் விடுதியைப் பற்றியும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் வீட்டைக் கொடு என்று கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை, அந்த மனசாட்சி எனக்கு இருக்கிறது.

அவன் பலகாரத்தை முழுதாகத் தின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே கேள்.

"மதாம் ஜினெட், சண்டை வந்த அன்னிக்கு அவர் பால்கனிப் பனியைத் தள்ளி என் காரை மூடினாரே, மூணு மணி நேரம் தோண்டி எடுத்த காரு. தெரியாமதான் தள்ளினார்னு எனக்கு மறுநாளே தெரியும். ஆனா நான் பேசினது பேசினதுதான். அவர் பேசினதும் பேசினதுதான். ரெண்டு பேரும் விடலை. ஆனா அதுக்கு அடுத்த பனிக்கு, நாலேகால் மணிக்கு, மேல உங்க கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு. படியில இறங்குற சத்தம். அப்புறம் மண்வெட்டி. அஞ்சு மணிக்கு நான் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தா என் வாசல்லேர்ந்து நடைபாதை வரைக்கும் வழிச்சு வெச்சிருக்கு, சரளை போட்டிருக்கு. மனுஷனைக் காணோம், மேல போயிட்டார். ஒன்பது குளிர்காலம். ஒரு நாள் தப்பலை. எங்கிட்ட அலாரமே கிடையாது, மதாம். அந்த மண்வெட்டிச் சத்தத்துக்குத்தான் எந்திரிப்பேன். இந்த வருஷம் என்னை யார் எழுப்புவாங்க?"

ஃபெர்னான், எனக்கு இது தெரியாது. விடிகாலையில் நீ எழுந்து போவது முதுகுவலிக்காக நடப்பதற்கு என்றுதானே சொல்லிவைத்திருந்தாய். நான் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினேன். உன்னைக் கட்டிக்கொண்டு நாற்பத்தொரு வருஷம் ஆகியும் இன்னும் இப்படி ஒன்று வெளியே வருகிறது. அவன் முன்னால் முகத்தை வைத்துக்கொள்ள முடியாமல், பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அவன் சொன்னான், வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று. நாம் கீழே, அவன் மேலே. நான் அவனைத் தடுத்தேன். இந்த ஊரில் வீடு மாறுவதென்றால் ஜூலை முதல் தேதி, அன்றைக்கு ஊரே கட்டிலைத் தூக்கிக்கொண்டு அலையும். நவம்பரில் எவனாவது மாறுவானா, உனக்கும் ஐம்பத்திரண்டு வயதாகிறது, உன் முழங்காலை நினை என்றேன். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஐஸ் மேல பஸ் ஓட்டுறேன். பத்தொன்பது படி என்னை என்ன பண்ணும்? அதோட இத்தனை வருஷம் அவர் என் தலைக்கு மேல நடந்தார். இனிமே நான் நடக்குறதை அவர் கேக்கட்டும்" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு, உன்னிடம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்.

கேட்டுவிட்டேன். கீழ்வீட்டில் மூன்று படிதான், ஃபப்ரிஸ் ஒரு சாய்வுப் பலகை அடித்துத் தருகிறேன் என்கிறான், எத்தனை விரல் போகுமோ தெரியாது. அதிகாரி அம்மாளிடமும் விசாரித்தேன், அது போதுமாம். உன் வாயால், இல்லாவிட்டால் தலையால், ஒரு பதில் சொல். நான் காத்திருக்கிறேன்.

வெளியே இன்று காலை வெண்பனி பூத்திருந்தது, ஒன்பது மணிக்குள் போய்விட்டது. கையுறையைப் பகலிலும் கழற்றாதே.

என்றும் உன்,
ஜினெட்


மொன்றியல்,
நவம்பர் 19, ஞாயிறு

அன்புள்ள ஃபெர்னான்,

யுகெட்டின் கடிதம் வந்தது. நான் எழுதியதை அவள் படித்து முடித்ததும் நீ காகிதத்தைத் தள்ளிவிட்டு, தெளிவாக, எழுத்து எழுத்தாக, "முடியாது" என்றாயாம். பேச்சுப் பயிற்சிப் பெண் கைதட்டினாளாம், பக்கத்து அறையிலிருந்து இன்னொருத்தியைக் கூப்பிட்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னாளாம், நீ மறுபடியும் சொன்னாயாம். மூன்று மாதம் கழித்து உனக்குத் திரும்பி வந்த முதல் சொல் அது. அழுவதா, உன்னை நாலு சாத்து சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் தெருமுனை பேக்கரிக்காரியிடம் சொன்னேன். என்ன சொன்னார் என்று கேட்டாள். அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ரெஷான் கேட்டபோது நீ யோசிக்கிறாய் என்று பொய் சொன்னேன். அவன் முகத்தைச் சொறிந்துகொண்டான். "யோசிக்கிறாரா? அப்ப முடியாதுன்னு சொல்லிட்டார்" என்றான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதனை ஒன்பது வருஷம் எதிர்த்து நின்றவனுக்குத் தெரியாதா? பிறகு சொன்னான்: "அவர்கிட்ட கேட்டதே தப்பு, மதாம். கேட்டா அதான் வரும். நீங்க மாறுங்க. அப்புறம் சொல்லிக்கலாம்."

மாறிவிட்டேன், ஃபெர்னான். நேற்று, சனிக்கிழமை.

உன் பேச்சைக் கேட்டேன், கேட்டுக்கொண்டுதான் செய்தேன். ரெஷான் தன்னோடு பேருந்து ஓட்டுகிறவர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தான், ஃபப்ரிஸும் இறங்கி வந்தான். கட்டில் கீழே போகும்போது அவன் கட்டில் மேலே வர, வளைவில் இரண்டும் மாட்டிக்கொண்டு, வசவில் பலிபீடம் மறுபடியும் காலியாயிற்று. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மதாம் பெல்த்தியே மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, "யார் செத்தது, ஜினெட்?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்றேன். "அப்ப விவாகரத்தா?" என்றாள். நவம்பரில் வீடு மாறுகிறவர்களை அவள் எழுபது வருஷத்தில் பார்த்ததில்லை. மதியம் எல்லோருக்கும் பன்றிக்கால் குழம்பு வைத்தேன். பானையைக் கழுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை, ரொட்டியால் வழித்துவிட்டார்கள்.

இன்று காலை கீழ்வீட்டில் விழித்தேன். குளிக்கும் இடத்தில் ரெஷான் பிடிகம்பி வைத்திருக்கிறான், ஜன்னலுக்கெல்லாம் தாளும் ஒட்டியாயிற்று, உன் சாய்வு நாற்காலி ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. வாசல் பலகை ஆடவில்லை, நானே இரண்டு தடவை குதித்துப் பார்த்தேன். நேற்றிரவு இந்த வருஷத்து முதல் பனி விழுந்திருக்கிறது, விரல்கடை அளவுதான்.

யுகெட், இதற்கு மேல் சத்தமாகப் படிக்காதே. காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ போய் ஒரு காபி குடி. மெதுவாகத்தான் படிப்பான், படிக்கட்டும்.

ஃபெர்னான், ரெஷானுக்குக் கடன்பட மாட்டேன் என்ற வீறாப்பில்தான் நீ முடியாது என்றாய் என்று முதல் நாள் நினைத்தேன். மறுநாள் அப்படி நினைக்க முடியவில்லை. அவனுக்காக ஒன்பது வருஷம் இருட்டில் எழுந்தவன் நீ, அவன் மேல் உனக்கு என்ன வீறாப்பு? உனக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல்தான் பயம். நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய், வெளியே நான் பனி வழிப்பேன், மதாம் பெல்த்தியே கையசைப்பாள். அதைத்தானே உன்னால் தாங்க முடியாது? உன் கண்ணில் படாமல் வேலை செய்ய என்னால் முடியாது, அதனால் அதைப் பற்றி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அப்படித்தான் இருக்கும். முதல் குளிர்காலம் உனக்குக் கொடுமையாகத்தான் இருக்கும்.

ஆனால் நானும் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். மொட்டைமாடி வடிகாலை ஆள் வைத்துச் சுத்தம் செய்யவில்லை. நானே ஏணி வைத்துக் கூரை ஓட்டை வழியாக ஏறினேன், அறுபத்தாறு வயதில், வீட்டுச் செருப்போடு. இலைகளையெல்லாம் எடுத்து முடித்துத் திரும்பியபோது ஈரமான தார்த் தரையில் கால் வழுக்கி விழுந்தேன். எதுவும் உடையவில்லை, கை மட்டும் சிராய்ந்தது. ஆனால் எழுந்து அந்த ஓட்டை வழியாக ஏணியில் கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி நீ படுத்திருக்கிறாய் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். கடைசியில் ஃபப்ரிஸ்தான் சிகரெட் பிடிக்க பால்கனிக்கு வந்தவன் குரல் கேட்டு ஏறி வந்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஏணி பிடிக்கிற ஆள் இல்லை, நீதான். கீழே வந்ததும் "முட்டாளே" என்று கத்துவதற்கு வீட்டில் நீ இல்லை. சமையலறைக்கு வந்து கையைக் கழுவினேன், ரத்தம் துடைத்தேன், விளக்கைப் போட்டேன், அவ்வளவுதான். வீடு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உனக்காகக் கீழே இறங்கினேன் என்று ஊர் சொல்லும். இல்லை. எனக்காகத்தான் இறங்கினேன். நீ நடந்தால் என்ன, உட்கார்ந்தால் என்ன, மண்வெட்டி பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? இந்தக் குளிர்காலத்தை நீ இல்லாமல் கழிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, சொன்னால் நீ தலைகால் தெரியாமல் ஆடுவாய் என்று. இப்போது ஆட முடியாது, அதனால் சொல்கிறேன்.

அதிகாரி அம்மாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் அறைக்கு வருகிறாள். வீட்டுக்குப் போக விருப்பமா என்று உன்னிடமே கேட்பாளாம். மனைவி சொல்வது செல்லாது, தங்கை சொல்வதும் செல்லாது, நீ சொல்வதைத்தான் எழுதிக்கொள்வாளாம். முடியாது என்றால் அன்றைக்கே விடுதிக்கு எழுதிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடிய நானும் ரெஷானும் அங்கே புறப்படுகிறோம். அவன் குளிர்கால டயர் மாட்டிவிட்டான், விடுப்பும் எடுத்துவிட்டான். அவனோடு பேச விருப்பமில்லை என்றால் பின்னால் உட்கார்ந்து வா, நான் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன். "முடியாது" என்கிற நான்கு எழுத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீயே சொன்னாய். "சரி" என்பதில் இரண்டுதான். கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் இருக்கும், யாரும் இல்லாதபோது சொல்லிப் பார். வராவிட்டால் தலையை ஆட்டு. தலையும் ஒத்துழைக்காவிட்டால் அந்த அம்மாளின் கையை உன் இடது கையால் பிடித்துக்கொள், நான் வருகிறவரை விடாதே.

நல்ல கடவுள் அந்த ஒரு சொல்லை உன் நாக்கில் கொண்டுவந்து வைக்கட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கீழ்வீட்டிலிருந்து,
உன் ஜினெட்